லெசிர்மாவின் நீல வண்டி

செப்டம்பர் 10, செவ்வாய்

வண்டியை விற்கப் போட்ட விளம்பரத்தில் ஒரு தவறு செய்துவிட்டேன். நிறம் என்ற இடத்தில் பச்சை என்று போட்டிருக்கிறேன். வண்டி நீலம். என் அறைக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவதே அந்த லேண்ட் ரோவர்தான். ஆனாலும் வண்டியைப் பார்த்து எழுதாமல் பதிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதினேன். ராணுவ ஏலத்தில் வீட்டுக்காரர் லெசிர்மா அதை எடுத்தபோது இருந்த விவரம்தான் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம் என்று வரிசையாக ஒரு எழுத்தும் பிசகாமல் பெயர்த்தெழுதிவிட்டு, சரியாகச் செய்தேன் என்று நினைத்துக்கொண்டேன். படமும் ஒன்றுதான் ஏறியது. அது எஞ்சின் படம்.

மதியம் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோது நைரோபியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். ஒயூகி என்று பெயர், பல் மருத்துவராம்.

"பழைய ராணுவப் பச்சைதானே? மேல வேற எதுவும் பூசலையே?"

"ஆமாம் சார்" என்றேன். எந்தக் கேள்விக்கு ஆமாம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். வேறு நிறமாக இருந்தால் இவ்வளவு தூரம் வரவே மாட்டேன் என்று சிரித்தார்.

மாலை எழுத்து வகுப்புக்குப் போகுமுன் நோலாரியிடம் சொன்னேன். நோலாரி லெசிர்மாவின் மனைவி. அவர்கள் வளவில் பின்னறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவரை யேயோ என்று கூப்பிடுவேன். இங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அடுப்புக்கு முன் உட்கார்ந்து பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"யேயோ, நிறத்தைத் தப்பாப் போட்டுட்டேன்."

"எந்த நிறத்தை?"

"வண்டியோடதை. பச்சைன்னு போட்டுட்டேன். வாங்கறவர் பச்சைன்னாத்தான் வருவேங்கறார்."

கல் பொறுக்கும் கை நிற்கவில்லை. "அப்பப் பச்சையாக்கிடு."

"எப்படி?"

"உங்க கடையில என்ன விக்கறீங்க, மூக்குப்பொடியா? பெயின்ட் உரிக்கற மருந்து இருக்குல்ல? அடியில பச்சைதான் இருக்கு. கதவு இடுக்குல நீ பாத்ததில்லையா?"

"அப்பாயாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" அப்பாயா என்று நான் கூப்பிடுவது லெசிர்மாவை.

"அவர்கிட்டக் கேட்டா வண்டியே போகாது. அப்புறம் நிறம் அவருக்கு எதுக்கு?"

சொல்லி முடித்ததும் நோலாரி வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. லெசிர்மாவுக்குக் கண் தெரியாது. வெளிச்சமும் நிழலும் தெரியும், அவ்வளவுதான். நரம்பு போய்விட்டது, இனி திரும்பாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அவர் வண்டி ஓட்டினார். மேட்டு ஊருக்கும் கீழே சமவெளிக்கும் ஆட்களையும் பால் கேன்களையும் ஏற்றி இறக்கினார். நானும் அதில் போயிருக்கிறேன். முன் சீட்டில் எப்போதும் வாயாடிப் பெண் ஒருத்திதான் உட்காருவாள். "பாருங்கடி, லெமாசியோட ஆடு நடு ரோட்டுல நிக்கறதை, வெக்கமே இல்லை" என்பாள். லெசிர்மா வேகத்தைக் குறைப்பார். "அந்தப் பள்ளத்தை இன்னும் மூடலையா? இடப்பக்கம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு" என்பாள். அவர் வலப்பக்கம் ஒடிப்பார். நான் அதை வம்பு என்று நினைத்திருந்தேன். சாலை முழுவதையும் அப்படித்தான் அவர் காதில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவரும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் முன் சீட்டில் ஒரு வெளியூர்க்காரர் உட்கார்ந்து தூங்கிவிட்டார். பின்னால் நோலாரி இருந்தார். கருங்கல் ஏற்றத்தில் முன்சக்கரம் ஒன்று விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் சுற்றியது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் உள்ளே இருந்தாள். அன்றிலிருந்து நோலாரி வண்டியை விற்க வேண்டும் என்கிறார். மனிதரைத் தடுக்க அவரால் முடியவில்லை. வண்டி வாசலில் நிற்கிற வரை அவர் சாவியை எடுப்பார், ஒருநாள் ஆட்களோடு கீழே போய்விடுவார். "வண்டி போனாத்தான் அவர் இருப்பார்" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். விற்கலாம் என்று லெசிர்மாவும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு இரண்டு பேர் வந்து கேட்டார்கள். இரண்டு பேரையும் ஏதோ குறை சொல்லித் திருப்பி அனுப்பினார்.

செப்டம்பர் 13, வெள்ளி

கடையில் விடுப்பு கேட்டு, மருந்தும் தகடும் வாங்கி வந்தேன். காலையில் மலைப்பனி விலக நேரமானது. பனி ஈரம் இருந்தால் மருந்து பிடிக்காது என்று டப்பாவில் போட்டிருந்ததால் வெயிலுக்காகக் காத்திருந்தோம். பால் விட்ட டீயும் முந்தைய நாள் சப்பாத்தியும் சாப்பிட்டோம். லெசிர்மா சிவப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு சுவரோரம் வெயிலில் வந்து உட்கார்ந்தார்.

மருந்தைப் பூசியதும் நீலம் கொப்புளித்து எழுந்தது. தகட்டை வைத்துத் தள்ளினால் தோல் மாதிரிச் சுருண்டு வந்தது. அடியில் மங்கலான பச்சை. பானட்டின் பக்கவாட்டில் வெள்ளையில் எழுதிய எண்கள்கூடத் தெரிந்தன. உரிக்க உரிக்க எனக்கு உற்சாகமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் துடைக்க விடும்போது வரும் உற்சாகம்.

"என்ன சுரண்டறீங்க?" என்றார் லெசிர்மா.

நான் முந்திக்கொண்டேன். "துரு, அப்பாயா."

"இதோட உடம்பு அலுமினியம். இது எங்க துருப்பிடிக்கும்? இந்த வீட்டுல துருப்பிடிக்கறது நானும் உன் யேயோவும்தான்."

"உங்களை யாரு சுரண்டறது?" என்றார் நோலாரி. "ஸ்டிக்கரை எடுக்கறோம். தேர்தல்காரன் ஒட்டினது, சோப்புக்காரன் ஒட்டினது, எல்லாம் இருக்கு. டாக்டருக்குச் சுத்தமா இருக்கணுமாம்."

"எவ்வளவு பெரிய ஸ்டிக்கர்! காலையிலேருந்து சுரண்டறீங்க."

"ஒட்டவிட்டது யாரு? நீங்கதானே? பேசாம வெயில் காயுங்க."

அவர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். எந்தப் பக்கம் சத்தம் வருகிறதோ அந்தப் பக்கம் தலை திரும்பிக்கொண்டே இருந்தது. மதியம் நான் களி கிண்டப் போனபோது அவர் எழுந்து வந்து கதவின் மேல் உள்ளங்கையை வைத்தார். மேலிருந்து கீழே ஒரு முறை தடவினார். பிறகு கையை முகர்ந்துவிட்டுச் சுவரோரம் திரும்பிப் போனார். நான் நோலாரியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நோலாரியிடம் கேட்டேன். "இதை எதுக்கு நீலமாக்கினார்?"

"தெரியாது. நான் கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தப்பவே நீலம்தான். என்னை அழைச்சுக்கிட்டு வந்ததே இந்த வண்டியிலதான். ஏன், உனக்குப் பச்சை பிடிக்கலையா?"

"நல்லாத்தான் இருக்கு."

"போற வண்டி. எப்படி இருந்தா நமக்கென்ன?"

நான் ஏரிப் பக்கத்துக்காரி. இந்த மேட்டு ஊருக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஒயூகி முந்தைய நாளே வந்து விடுதியில் தங்கியிருந்தார். காலையில் தேவாலய மணி அடித்தபோது வளவுக்கு வந்துவிட்டார். நன்றாகச் சிரிக்கிற கனத்த மனிதர். வாயிலுக்குள் நுழைந்ததும் வண்டியைப் பார்த்து நின்றுவிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றினார்.

"இதுதான்! இதேதான்!"

நோலாரி என் முதுகில் விரலால் குத்தினார்.

டீ குடிக்கும்போது ஒயூகி தன் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா ராணுவத்தில் சமையல்காரராம். இதே மாதிரி வண்டியில் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து எல்லையெல்லாம் போனவராம். இப்போது படுக்கையில் இருக்கிறார்.

"ஜன்னல் வழியாப் பாத்தாப் போதும். வாசல்ல நிக்கணும், அவ்வளவுதான். நீலத்துலயோ வெள்ளையிலயோ நின்னா அவருக்கு அது யார் வண்டியோதானே?"

"துப்பாக்கி தூக்கினவரா?" என்றார் லெசிர்மா.

"கரண்டிதான் பெரியவரே. ஆனா அவர் சமையலைச் சாப்பிட்டவங்க துப்பாக்கியே தேவலைன்னு சொல்வாங்களாம்."

லெசிர்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒருவரைப் பிடித்துப்போனால் அவர் அப்படித்தான் சிரிப்பார். அப்பாடா என்று நோலாரி மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

விலை பேசி முடிய நேரமாகவில்லை. ஆனால் ஒயூகி, ஓட்டிப் பார்க்காமல் வாங்கமாட்டேன், அதுவும் மோசமான சாலையில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

"கீழே ஓல்கெரி வரைக்கும் போய்ட்டு வரலாம்" என்றார் லெசிர்மா. "அதைவிட மோசமான ரோடு வேணும்னா நீங்க ஆத்துக்குள்ளதான் ஓட்டணும்."

ஒயூகி ஓட்டினார். லெசிர்மா அவருக்குப் பக்கத்தில். நானும் நோலாரியும் பின்னால் எதிரெதிர்ப் பலகையில். கருங்கல் இறக்கத்தில் எங்கள் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. வெள்ளைப் புழுதி உள்ளே வந்து நோலாரியின் கழுத்து மணிகளில் மாவு மாதிரிப் படிந்தது.

"இப்ப மெதுவா. வலப்பக்கம் மாட்டுத் திமில் மாதிரி ஒரு கல் வரும். அதை ஒட்டிப் போங்க, ஏறாதீங்க."

கல் வந்தது.

"இப்பக் கியர் மாத்துங்க. வேணாம், இன்னும் கொஞ்சம். ம், இப்ப."

"இந்த ரோட்டைக் கண்ணை மூடிக்கிட்டே சொல்றீங்களே!" என்றார் ஒயூகி.

நோலாரி வெளியே பார்த்தார். லெசிர்மா சாலையை நோக்கி முகத்தை நேராக வைத்துக்கொண்டார்.

இறக்கம் முடிந்து சமவெளி வந்ததும் தூரத்தில் ஓல்கெரி முள்மரம் தெரிந்தது. அதன் நிழலில்தான் பால்காரப் பெண்கள் மஞ்சள் கேன்களோடு வண்டிக்குக் காத்திருப்பார்கள். இன்றும் இருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக அவர்கள் துணிகள் பின்னால் இருந்த எனக்கே தெரிந்தன. ஒருத்தி எழுந்து நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தாள். அடுத்த கணம் எல்லாரும் ஓடினார்கள். கேன்கள் உருண்டன. ஒரு கிழவி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். ஆடு மேய்த்த பெண் ஒருத்தி ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுப் புதருக்குள் பாய்ந்தாள். ஒயூகி மரத்தடியில் வண்டியை நிறுத்தியபோது அங்கே யாரும் இல்லை. மூடி திறந்த ஒரு கேனிலிருந்து பால் புழுதிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏன் ஓடறாங்க?" என்றார் ஒயூகி.

"யாரு ஓடறா?" என்றார் லெசிர்மா.

ஒயூகி நோலாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரு ஓடறான்னு கேக்கறேன். ஆட்டு மணியெல்லாம் சிதறுது. பால் வாடை அடிக்குது. இங்க நாயெசோ நிப்பாளே? நோலாரி?"

"யாரையும் காணோம். இன்னைக்கு வரலைபோல" என்றார் நோலாரி.

லெசிர்மா கதவைத் திறந்து இறங்கினார். மரத்தைத் தாண்டி வெறும் சமவெளியைப் பார்த்து நின்றுகொண்டு, வழக்கமாகச் சொல்கிற மாதிரியே உரக்க நலம் விசாரித்தார். புதர் இருந்தது அவருக்குப் பின்னால். பதில் வராததால் மறுபடியும் சொன்னார். பிறகு கையைப் பின்னால் நீட்டி வண்டியைத் தொட்டார்.

"வண்டி என்ன நிறத்துல இருக்கு?"

நான் நோலாரியைப் பார்த்தேன். நோலாரி மேலே இருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"பெயின்ட் போயிடுச்சுன்னு தெரியும். கைவெச்சுப் பாத்தேன், என் பிரஷ் கோடு ஒண்ணுகூட இல்லை. வேற ஏதோ பூசப்போறாங்கன்னு நெனைச்சேன். பூசினாங்களா? என்ன நிறம்?"

ஒயூகிதான் சொன்னார், பாவம். "பச்சை. விளம்பரத்துல போட்டிருந்தபடியே."

லெசிர்மா பானட்டைப் பிடித்துக்கொண்டே முன்பக்கமாகச் சுற்றி வந்தார். ஆட்டு மணிச் சத்தம் எந்தப் பக்கம் என்று காதால் தேடினார். இப்போது முகம் சரியாகப் புதர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

"நாயெசோ! நான்தான், லெசிர்மா!"

புதருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "குரல் உன்னுதுதான். வண்டி உன்னுதில்லை!"

"என்னுதுதான்!"

"அப்ப ஏன் அதுக்கு அந்தச் சட்டையைப் போட்டே? மறுபடியும் வீடுவீடாத் தேடறதுக்குக் கூட்டிக்கிட்டு வந்திருக்கியா?"

"நான் போடலை. என் வீட்டுக்காரங்க போட்டிருக்காங்க. எனக்குத் தெரியாது." கையை வண்டியிலிருந்து எடுத்தார். "எனக்குக் கண்ணு தெரியலை, நாயெசோ. பச்சையும் தெரியாது, நீலமும் தெரியாது. ரோடும் தெரியாது."

நோலாரியின் கை கம்பியிலிருந்து இறங்கியது. ஒயூகி எஞ்சினை அணைத்துவிட்டார். காற்று மட்டும் முள்மரத்தில் இரைந்தது.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்தே?" என்றது குரல். "எங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷமா முன் சீட்டுல உக்காந்து வாய் வலிக்க வலிக்க வண்டி ஓட்டினது யாரு? நீயா?"

புதருக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இன்னொருத்தி சிரித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக முள்ளை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். லெசிர்மாவின் தோள்கள் குலுங்கின. அது சிரிப்பா என்று எனக்குத் தெரியாது. பார்த்ததை மட்டும் எழுதச் சொல்கிறார் எங்கள் ஆசிரியை. தோள்கள் குலுங்கியதைப் பார்த்தேன்.

நாயெசோ முதலில் கவிழ்ந்த கேனை நிமிர்த்தினார், பிறகு வந்து லெசிர்மாவின் கையைப் பிடித்தார். எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஒயூகியைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் லெசிர்மா சொன்னார். அவர் எங்களுக்குச் சொன்னாரா, வண்டியை வாங்குகிறவருக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"ஏலத்துல எடுத்து முதல்நாள் இந்த வழியாத்தான் வந்தேன். துப்பாக்கி தேடி ராணுவத்துப் பச்சை வண்டிங்க வீடுவீடா வந்துபோன மறு வருஷம் அது. இந்த மரத்தடியில இருந்தவங்க எல்லாரும் ஓடிட்டாங்க. ஒருத்தி குழந்தையைப் போட்டுட்டு ஓடிட்டா. அதைத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் சாயங்காலம் வரைக்கும் நின்னேன். அது பாலுக்கு அழுது. நான் கத்திக் கூப்பிட்டா அவங்க இன்னும் தூரமா ஓடறாங்க. அடுத்த நாளே நீலம் வாங்கி நானே அடிச்சேன். நீலத்துல யாரும் எதையும் தேடி வர்றதில்லை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் நோலாரி. குரல் சண்டைக்கு வருகிற மாதிரி இருந்தது, கண் அப்படி இல்லை. "இத்தனை வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருக்கலாம்ல?"

"கல்யாணத்தன்னைக்கு ஏறி உக்காந்ததும் நீ என்ன சொன்னே? எவ்வளவு அழகான நீலம்னு சொன்னே. சரி, உனக்கு அது அழகாவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

"கண்ணு தெரியலைன்னாவது சொல்லியிருக்கலாம்."

"அது உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்."

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒயூகி எழுந்து நின்றார்.

"பெரியவரே, நான் வாங்கலைன்னாலும் பரவாயில்லை. இதை மறுபடியும் நீலமாக்கி நீங்களே வெச்சுக்குங்க. நான் அப்பாகிட்ட வேற ஏதாவது சொல்லிக்கறேன்."

நோலாரி சட்டென்று லெசிர்மா பக்கம் திரும்பினார். இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியவர் லெசிர்மா. இதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்காது. நோலாரி கழுத்து மணிகளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

லெசிர்மா தரையைத் தடவி ஒரு சின்னக் கல்லை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீலமாக்கி நான் என்ன பண்றது? உக்காந்து முகர்ந்து பாக்கறதா? இவளுங்களுக்கும் எத்தனை நாள் வாய் வலிக்கும்?" கல்லை எறிந்தார். "எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க அப்பா பாக்கட்டும். அவருக்குக் கண்ணு தெரியுதுல்ல?"

"நல்லாத் தெரியும்."

"அப்பப் பச்சையாவே இருக்கட்டும்."

நோலாரி எழுந்து வண்டிக்குப் பின்னால் போனார். அங்கே என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது முகத்தைத் துணியால் துடைத்திருந்தார், கேன்களை ஏற்றச் சொல்லி எல்லாரையும் அதட்டினார்.

பாலையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். முன் கதவைத் திறந்து வைத்து லெசிர்மா நாயெசோவை உட்காரச் சொன்னார். தான் வண்டியைத் தடவிக்கொண்டே பின்பக்கம் வந்து, பலகையில் நோலாரிக்குப் பக்கத்தில் இடுக்கி உட்கார்ந்தார். "பின்னால இவ்வளவு குலுங்குமா? இத்தனை வருஷம் எவளும் சொல்லலையே" என்றார்.

"சொன்னோம். முன்னாடி எஞ்சின் சத்தத்துல உனக்குக் கேக்கலை" என்றாள் ஒருத்தி.

முன் சீட்டில் நாயெசோவுக்குப் பழக்கம் விடவில்லை. "ஆடு! ஆடு வருது பாரு. இடப்பக்கம் பள்ளம்."

"எனக்குக் கண்ணு தெரியும்மா" என்றார் ஒயூகி.

"அது யாருக்குத் தெரியும்? நீ ஓட்டு."

சாயங்காலம் வளவில் லெசிர்மா தன் கையாலேயே சாவியைக் கொடுத்தார். மாடு விற்றால் கழுத்து மணியையும் சேர்த்து அனுப்புகிற வழக்கம் இங்கே இல்லை. அதனால் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்புகிற கைப்பிடியைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"பட்டன் வேலை செய்யாது, கைப்பிடியாலதான் கிளப்பணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் ஒயூகி.

"சொன்னேன்ல?" லெசிர்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கைப்பிடியைக் கொடுத்துவிட்டு, ஹாரனைக் கழற்றச் சொல்லி என்னிடம் ஸ்குரூடிரைவர் கேட்டார்.

ஒயூகி விடுதிக்குப் போகக் கிளம்பியபோது லெசிர்மாதான் நிறுத்தினார். நைரோபிச் சாலையில் ஓல்கெரி மட்டும் இல்லை. அதற்கப்பால் இன்னும் பால் நிறுத்தங்கள் இருக்கின்றன, பாலத்தடியில் திங்கட்கிழமைச் சந்தை கூடுகிறது. அங்கே இருப்பவர்களுக்கு இன்று நடந்தது தெரியாது. அந்த நிறத்தில் வண்டி திடீரென்று போய் நிற்கக்கூடாது என்றார். யாராவது முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். யார் சொன்னால் நம்புவார்கள் என்று நோலாரி கேட்டார். "என் குரலை நம்புவாங்க" என்றார் லெசிர்மா.

நாளை வெளிச்சம் வந்ததும் லெசிர்மா வாடகை பைக்கில் முன்னால் போவார். ஒயூகி பச்சை வண்டியில் கொஞ்சம் இடைவெளி விட்டு வருவார். பைக் ஓட்டுகிறவனிடம் சொல்லியாயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் லெசிர்மா இறங்கி, பின்னால் வருவது என் வண்டிதான், யாரும் ஓட வேண்டாம் என்று சொல்வார். பைக்கில் அவருக்குப் பின்னால் நான் உட்கார வேண்டும். ஆட்கள் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று அவர் காதில் சொல்ல வேண்டும். கடைக்கு மதியம்தான் வருவேன் என்று கிளம்புமுன் முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும்.